பின்பாட்டு இல்லாத கதைசொல்லி

தெருக்கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. அந்த நேரத்தில் வேஷக்காரர் கூத்துக் களமான களரியைச் சுற்றி ஆடுகிறார், மூச்சு வாங்கிக்கொள்கிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் ஆட்டத்தை மனித உடம்பு தாங்குவதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். கேட்பவர்களுக்கு இசை நயமாகப் படுவது, ஆடுபவருக்கு ஓய்வும் ஆகிறது.

பின்பாட்டுக்கு ஆளே இல்லாமல் ஒரு கதைசொல்லி இரவு முழுக்கத் தனியாகப் பாட வேண்டியிருந்தால் என்ன ஆகும்? உலகின் பல நகரங்களில் இன்று விளையாடப்படும் ஒரு மேசை விளையாட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். நாலைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேசிப்பேசியே ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு அது. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். அதன் வழியில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் பிறகு வந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு விதி மாறவேயில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்ட, ஒருவர் மட்டும் மீதி உலகம் முழுவதையும் கட்ட வேண்டும். அவர்தான் கேம் மாஸ்டர்.

அவருடைய வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஊர், காடு, கோட்டை எல்லாவற்றையும் அவர் கற்பனை செய்கிறார். எதிரிகள், கடைக்காரர்கள், மன்னர்கள், பிச்சைக்காரர்கள் எல்லோருக்கும் அவரே குரல் கொடுக்கிறார். விதிப் புத்தகத்தை மனத்தில் வைத்திருக்கிறார். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்கிறார். கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பவரைப் பேச வைக்கிறார், அதிகம் பேசுபவரை அடக்குகிறார். ஆட்டம் முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான முடிச்சுகளைத் தயாரிக்கிறார். அத்துடன் நிற்காமல், எல்லோருக்கும் தோதான நாளைத் தேடித் தொலைபேசியில் அலைவதும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது. ஒரு விளையாட்டுக்காரர் வராவிட்டால் ஆட்டம் நடக்கும். அவர் வராவிட்டால் ஆட்டமே இல்லை.

ஒரே மனம் பல காரியங்களை ஒரே நேரத்தில் கவனிப்பதைத் தமிழர்கள் கலையாகவே போற்றியிருக்கிறார்கள். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களைக் கவனித்துப் பதில் சொல்லிச் சதாவதானி என்ற புகழைப் பெற்றார். அதைப் பார்த்தவர்கள் அதிசயம் என்றுதான் சொன்னார்கள். வாரந்தோறும் இலவசமாகச் செய்து காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேம் மாஸ்டரிடம் அதைத்தான் கேட்கிறோம்.

சில மாதங்களில் அவர் சோர்ந்துபோகிறார். முதலில் தயாரிப்பு சலிக்கிறது. பிறகு நண்பர்கள் மேலேயே எரிச்சல் வருகிறது. கடைசியில், தான் சொல்லும் கதை நன்றாக இல்லை என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் ஆட்டம் தள்ளிப்போகிறது, பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதியில் நின்றுபோன கதைகள் இந்த விளையாட்டின் உலகத்தில் ஏராளம்.

இந்த மூன்று அறிகுறிகளும் உளவியலுக்குப் புதியவை அல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்த அதே 1974இல், நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற உளவியலாளர், ஊழியர்கள் எரிந்து தீர்ந்துபோகும் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பகலில் தன் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர். கூலிக்காக வராமல் விருப்பத்தால் வந்தவர்கள், அதிலும் அதிக ஈடுபாட்டோடு உழைத்தவர்கள்தாம் முதலில் தீர்ந்துபோனார்கள் என்பதை அவர் கண்டார். அவரும் அவர்களில் ஒருவர். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இந்த நிலையை மூன்று கூறுகளாக வரையறுத்தார்: உணர்வு வற்றிப்போதல், மனிதர்கள்மேல் ஒட்டுதல் குறைதல், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்காமல், பணியிடம் சார்ந்த ஒரு நிகழ்வாகச் சேர்த்தது. அந்த வரையறைப்படி விளையாட்டில் வரும் சோர்வு இதற்குள் அடங்காது. ஆனால் பிராய்டன்பர்கர் முதலில் எழுதியது தொண்டர்களைப் பற்றி என்பதை மறக்கக் கூடாது. சம்பளம் இல்லாத, விருப்பத்தால் ஏற்ற பொறுப்பும் மனிதரைத் தீர்த்துவிடும்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும் 1997இல் வெளியிட்ட நூலில் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். சோர்ந்தவரின் மனவலிமையை மட்டும் ஆராய்ந்து பயனில்லை. வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சுமையின் அளவு, முடிவெடுக்கும் உரிமை, கிடைக்கும் மதிப்பு, கூட இருப்பவர்களின் உறவு, நியாயம், நம்பும் மதிப்பீடுகள் ஆகிய ஆறு இடங்களில் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தம் கெடும்போது சோர்வு வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 'கொஞ்ச நாள் ஓய்வு எடு, சரியாகிவிடும்' என்று கேம் மாஸ்டருக்குச் சொல்லப்படும் அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. ஓய்வு முடிந்து அவர் அதே நாற்காலிக்குத்தான் திரும்புகிறார்.

அந்த நாற்காலியை வேறு மாதிரி அமைக்க முடியுமா? இதற்கு விடை தேட லேக் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்தால் போதும்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி, மலையாளிப் பழங்குடிகளின் நாடு. அந்த மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கிக் கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி வட்டாரத்து நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் தருகிறது. கிழக்கே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் கூவாகம், வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். பழைய கணக்கில் இது நடுநாடு, திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்த மண். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டில் பிறந்தவர் என்பது மரபு. அவருக்கு ஆதரவளித்த வக்கபாகை வரபதி ஆட்கொண்டானும் இந்த நாட்டுத் தலைவன்தான். சுமார் 600 ஆண்டுகளாகியும், அந்தப் பாரதத்தை ஊர்நடுவில் உட்கார்ந்து பாடிப் பொருள் சொல்லும் வழக்கம் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

திரௌபதி அம்மன் கோயிலில் 'பாரதம் வைப்பது' என்று ஊரார் சொல்வது இதைத்தான். கொடியேற்றிக் காப்புக் கட்டிய பிறகு பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கிறது. ஒருவர் வில்லிபாரதப் பாடல்களை இசைத்துப் பாட, பிரசங்கியார் கதையை விரித்துச் சொல்கிறார். சில நாள் கழித்து இரவில் கூத்துத் தொடங்குகிறது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கூத்து. ஊரின் வசதியைப் பொறுத்து எட்டு, பத்து, பதினெட்டு இரவுகள். முடிவில் படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம், கொடியிறக்கம். ரிச்சர்ட் பிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும், ஆல்ஃப் ஹில்டபெய்டல் செஞ்சிப் பகுதியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988 முதல் எழுதிய நூல்களும் இந்தத் திருவிழாவை உலக ஆய்வாளர்களுக்கு விரிவாக அறிமுகப்படுத்தின.

இது வழிபாடு. இதை விளையாட்டோடு சமமாக வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மனிதர்கள் வேஷமேற்று நாள்கணக்கில் ஒரு பெருங்கதையை நடத்தும்போது அதன் பாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற ஒரே கேள்விக்காகத்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். அந்தக் கேள்வியோடு பார்த்தால், பாரதம் வைக்கும் ஊர் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்து நிலைநிறுத்திய ஏற்பாடு வியப்பைத் தருகிறது.

முதலாவது, கதை யாருக்கும் சொந்தமில்லை. கர்ணன் சாகப்போகிறான் என்பது முன்வரிசையில் படுதாவில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். எனவே கூத்து வாத்தியார் இரவோடிரவாகத் திருப்பங்களைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரிந்த கதை இன்றிரவு எப்படி நிகழப்போகிறது, கர்ணனின் மனைவி பொன்னுருவி எப்படி அழப்போகிறாள், சல்லியன் எந்த இடத்தில் தேரை விட்டு இறங்கப்போகிறான் என்பதைக் காணத்தான் மக்கள் விழித்திருக்கிறார்கள். கேம் மாஸ்டரின் பாரத்தில் பெரும்பகுதி இரகசியத்தின் பாரம். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வாரமும் புதிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதையை ஆடினால் சுவை கெட்டுவிடும் என்பது ஓர் அச்சம்தான். அது பொய்யென்று நடுநாட்டுக் களரிகள் ஒவ்வொரு சித்திரையிலும் காட்டிக்கொண்டிருக்கின்றன.

கூத்துக் குழுவான ஜமாவுக்குள் நடக்கும் பங்கீடு இன்னும் நுட்பமானது. கட்டியங்காரன் திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு வேஷத்தையும் வரவேற்கிறான், கேள்வி கேட்கிறான், பதிலைச் சபைக்கு விளக்குகிறான், காவலாளியாகவும் தூதனாகவும் மாறுகிறான், உள்ளூர்ச் செய்தியை இழுத்துச் சிரிக்க வைக்கிறான், அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறான். கேம் மாஸ்டருக்கு இணையானவன் இவன்தான் என்று சட்டென்று தோன்றும். ஆனால் கதையின் போக்கு இவன் கையில் இல்லை, பாட்டு இவன் கையில் இல்லை, எந்த இரவில் எந்தக் கூத்து என்று முடிவு செய்வதும் இவன் இல்லை. பாட்டு பின்பாட்டுக்காரர்களிடமும் வாத்தியக்காரர்களிடமும் இருக்கிறது. பாடமும் வேஷப் பங்கீடும் வாத்தியாரிடம் இருக்கின்றன. ஒரு வேஷக்காரர் அடி மறந்தால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. நீளமான வேஷத்தை இரண்டு பேர் முன்னிரவு, பின்னிரவு என்று பிரித்துக் கட்டுவதும் உண்டு. திரைக்கு வெளியே கட்டியங்காரன் பேச்சை வளர்க்கும்போது உள்ளே ஒருவர் கிரீடத்தை அவிழ்த்துவிட்டுத் தேநீர் குடிக்கிறார், இன்னொருவர் அரிதாரம் பூசிக்கொள்கிறார், வேறொருவர் அடுத்த வேஷம் வரை பெட்டிமேல் தலைவைத்துக் கண்ணயர்கிறார். விடியும்வரை விழித்திருக்கும் கூத்துக்குள் தூங்கும் நேரமும் சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது.

கேம் மாஸ்டர் சந்திக்கும் இன்னொரு சுமை, ஆளைத் திரட்டும் சுமை. பாரதத்தில் அது ஜமாவின் பொறுப்பே இல்லை. தலைக்கட்டு வரி வசூலிப்பது, வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துப் பேசி முன்பணம் கொடுப்பது, பந்தல், விளக்கு, சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் ஊரின் வேலை. கூத்தாடிகள் வந்து ஆடினால் போதும். ஒருவருக்குக் கதைசொல்லும் திறமை இருக்கிறது என்பதால் அவரே பந்தலும் போட வேண்டும் என்று எந்த ஊரும் சொல்வதில்லை.

பார்வையாளர்களும் சும்மா இருப்பதில்லை. பாரதத்தின் சிறப்பு என்று நான் கருதுவது இதைத்தான். பகாசூரன் வதத்தில் பீமனின் சோற்று வண்டி தெருத்தெருவாக வரும்போது வீடுகள் தோறும் சோறும் பண்டமும் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ஊரே ஏகசக்கரபுரம் ஆகிவிடுகிறது. அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் பூவையும் விபூதியையும் வீசுகிறார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் கீழே காத்திருக்கிறார்கள். படுகளத்தன்று பல அடி நீளத்துக்கு மண்ணால் துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்கிறது. இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண்ணுருவத்தைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். தொடையில் அடி விழுகிறது, குங்குமக் குருதி பெருகுகிறது, திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிக்கிறாள். அன்று மாலை தீமிதியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஊர்மக்கள். முதல் நாள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடைசி நாள் கதைக்குள் நிற்கிறார்கள். நாள் ஆக ஆகக் கதைசொல்லியின் பாரம் கூடவில்லை. அது மெல்ல மெல்ல ஊர்மேல் இறங்குகிறது.

கேம் மாஸ்டரின் அனுபவம் இதற்கு நேர் எதிர். கதை நீள நீளப் பாத்திரங்களும் கிளைக்கதைகளும் அவிழ்க்காத முடிச்சுகளும் பெருகுகின்றன, எல்லாம் ஒருவர் தலையில் சேர்கின்றன.

கூவாகத்தில் இந்தப் பங்கீடு கண்ணால் பார்க்கும் வடிவமே எடுக்கிறது. சித்திரை மாதம் 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில் பாரதத்தின் ஒரே ஒரு கிளை, அரவான் களப்பலி, முழு விழாவாக விரிகிறது. போருக்கு முன் பலியாகப் போகும் அரவானுக்கு மணம் முடிக்க மோகினியாகக் கிருஷ்ணன் வந்த கதையில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் திருநங்கைகள் மோகினியின் இடத்தில் நின்று தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் ஓடி அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளையுடுத்தி அழுகிறார்கள். வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்கிறார்கள். தேரில் ஏறும் அரவானின் பெரிய உருவத்துக்கான உறுப்புகள் எல்லாம் ஒரே ஊரில் இல்லை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கொண்டுவந்து பொருத்தப்படுகின்றன. ஓர் ஊர் தன் பங்கைக் கொண்டுவராவிட்டால் அரவான் முழுமையாவதில்லை. வருபவர்களில் யாரும் இந்த விழாவை 'நடத்துவதில்லை'. எல்லோரும் அதில் ஒரு பகுதியைச் செய்கிறார்கள்.

காலத்தையும் சொல்ல வேண்டும். கொடியேறும் நாளிலேயே கொடியிறங்கும் நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் பதினெட்டாம் போருக்குப் பிறகு பத்தொன்பதாம் போர் கிடையாது. ஆண்டிலும் அப்படியே. தை அறுவடைக்குப் பிறகு தொடங்கி ஆடி, ஆவணி வரை கூத்துக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கி ஏரிகள் நிறையத் தொடங்கினால் களரி ஈரமாகிவிடும். மர அணிகலன்களான கட்டைகளும் உடைகளும் பெட்டிக்குள் போகும். கூத்தாடிகள் பலர் நடவுக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள். குரலுக்கு ஓய்வு வருகிறது. அந்த ஓய்வை ஒருவர் கூச்சப்பட்டுக் கேட்டுப் பெற வேண்டியதில்லை, பருவமே கொடுத்துவிடுகிறது.

இதையெல்லாம் படித்துக் கூத்தாடிகள் சோர்வே அறியாதவர்கள் என்று நினைத்தால் அது பெரும் தவறு. வேலையின் அமைப்பு ஒருவரைக் காக்கலாம். அந்த வேலைக்குச் சமூகம் தரும் விலை அவரைக் கொல்லலாம். பருவகாலத்தில் அடுத்தடுத்த இரவுகள் வேறு வேறு ஊர்களில் ஆட வேண்டும், பகலில் பயணம் போக வேண்டும். மழைக்காலத்தில் வருமானம் இல்லை, எனவே முன்பணம் கடனாகிறது. குடிப்பழக்கம் பல நல்ல குரல்களைத் தின்றிருக்கிறது. 'கூத்தாடி' என்ற சொல்லே வசவாகப் பயன்பட்ட காலம் முழுவதும் போய்விடவில்லை. காஞ்சிபுரத்தில் 1990இல் பெருங்கட்டூர் ராஜகோபால் முதலிய கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியதற்கு இந்த நிலைமைகளே காரணம். அவரும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்துப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் குழந்தைகளும் அங்கே வேஷம் கட்டக் கற்றார்கள். அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

'ஊரே சேர்ந்து' என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிட முடியாது. எந்த ஊர், அதில் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். கதையின் பாரத்தை ஊர் சுமக்கிறது என்று நான் மேலே எழுதியது உண்மை. அந்த ஊருக்குள் இடம் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மாஸ்லாக் சொன்ன ஆறில் நியாயமும் ஒன்று. சுமையைப் பங்கிடுவதைப் போலவே, அதைச் சுமக்கும் பெருமையையும் பங்கிட வேண்டும்.

மேசை விளையாட்டின் வரலாற்றுக்கு வருவோம். கூத்து கண்ட வழியை அந்த விளையாட்டைப் படைத்தவர்களே ஆரம்பத்தில் தொட்டிருந்தார்கள் என்பது பலருக்கு நினைவில்லை. கைகாக்ஸின் வீட்டில் நடந்த 'கிரேஹாக்' ஆட்டத்துக்குக் கூட்டம் பெருகியபோது அவர் ராப் குன்ட்ஸ் என்ற இளைஞரை இணை நடத்துநராகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் தங்கள் கற்பனைக் கோட்டைகளை ஒன்றாக இணைத்து மாறிமாறி நடத்தினார்கள். அதனால் கைகாக்ஸுக்கு எழுத நேரம் கிடைத்தது. தன் விளையாட்டைத் தானே விளையாடிப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஒரு கதைக்கு ஒரே தலைவர்தான் என்பது இந்த விளையாட்டின் பிறவிக் குணம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பிறகு வந்த சிலர் இதை விதியாகவே எழுதினார்கள். 1987இல் ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் இருவரும் வெளியிட்ட 'ஆர்ஸ் மாஜிகா' விளையாட்டில் கதை நடத்தும் பொறுப்பைக் குழுவினர் மாறிமாறி ஏற்கலாம்; ஒரு ஜமாவைப் போலவே ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வேஷங்கள் இருக்கும். 2009இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்கிய 'ஃபியாஸ்கோ'வில் கேம் மாஸ்டரே இல்லை. முன்தயாரிப்பும் இல்லை. ஒரே அமர்வில் கதை முடிந்துவிடும். பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டத்தில் எந்த நாள் கூடுவது, யார் வருவது, எங்கே போவது எல்லாவற்றையும் விளையாடுபவர்களே முடிவு செய்து நடத்துபவருக்குச் சொன்னார்கள். வெற்றிலை பாக்கோடு ஊரார் வந்து கூத்துப் பேசுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

காற்று எதிர்த்திசையிலும் வீசுகிறது. 2015 முதல் 'கிரிட்டிகல் ரோல்' என்ற நிகழ்ச்சியில் தொழில்முறைக் குரல் நடிகர்கள் இந்த விளையாட்டை இணையத்தில் ஆடிக்காட்ட, அதைப் பார்த்துப் பழகியவர்கள் தங்கள் வீட்டு மேசையிலும் அந்தத் தரத்தை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். சினிமா வந்தபோது கூத்துக்கு நேர்ந்ததை இது நினைவுபடுத்துகிறது. களரியில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், கூத்துக்குப் பதிலாக ரெக்கார்டு டான்ஸ் வைத்தார்கள். பங்கேற்பவர் வெறும் ரசிகராகும் இடத்தில் கதைசொல்லிக்குச் சுமை இரட்டிப்பாகிறது என்பது என் முடிவு. ரசிகரைத் திருப்திப்படுத்த எல்லையே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டைத் தொடங்கியிருக்கும், தொடங்கப்போகும் இளைஞர்களுக்கு நடுநாட்டுப் பாரதம் நேரடியாகக் கற்றுக்கொடுப்பவை சில உண்டு. கதையைத் தொடங்குமுன் முடியும் நாளைக் குறித்துவிடுங்கள். எட்டு அமர்வு என்றால் எட்டுதான். அதற்குப் பின் சில மாதம் பெட்டியை மூடிவையுங்கள். நாள் குறிப்பதும் ஆள் கூட்டுவதும் நடத்துபவரின் வேலையாக ஒருபோதும் இருக்கக் கூடாது. அதற்கு வேறொருவர் வேண்டும். போன வாரக் கதையை நடத்துபவர் சொல்லாமல் விளையாடுபவர்களில் ஒருவர் பிரசங்கியாராகச் சொல்லட்டும். அதைக் கேட்கும் நேரத்தில் நடத்துபவருக்கு மூச்சு வரும், தான் சொன்னதில் எது மற்றவர் மனத்தில் தங்கியது என்பதும் தெரியும். விதிப் புத்தகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். சந்தைக்காரிக்கும் காவலனுக்கும் குரல் கொடுக்க, அந்தக் காட்சியில் வேலையில்லாதவரை அழையுங்கள். கட்டியங்காரன் அதைத்தான் செய்கிறான். எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுக்கத் தயங்காதீர்கள். பாண்டவர்கள் விராட நாட்டில் ஒளிந்து வாழும் ஓராண்டு போதும், ஐந்து பேர் மேசைக்கு எட்டு வாரக் கதை இருக்கிறது. யார் வெல்வார் என்பது தெரிந்திருந்தாலும், கீசகன் கையில் அகப்பட்ட, சைரந்திரி வேடத்திலிருக்கும் திரௌபதிக்கு யார் எப்படி உதவப்போகிறார்கள் என்பது மேசையில்தான் தெரியும். அடுத்த கதையை வேறொருவர் நடத்தட்டும். முதல் முறை அது சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எந்த வாத்தியாரும் முதல் இரவிலேயே வாத்தியாராகிவிடவில்லை.

நன்றியையும் சபையறியச் சொல்ல வேண்டும். கூத்தில் ஐம்பது ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒலிபெருக்கியில் வருகின்றன. ஆண்டுக்கணக்கில் நண்பர்களுக்குக் கதை நடத்திய ஒருவருக்கு ஒரு மாலைகூடப் போடாத குழுக்கள் இருக்கின்றன.

சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் எங்கே பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரவு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். ஆடுபவரைப் பார்க்கும் அளவுக்குப் பெஞ்சில் இருப்பவர்களையும் பாருங்கள். அன்பளிப்புக் கொடுங்கள். உங்கள் ஊரிலோ குடும்பத்திலோ கூத்து வைக்கும் வாய்ப்பு வந்தால், ஜமாவுக்கு நியாயமான தொகையைப் பேசி, அதை ஆட்டத்துக்கு முன்பே முழுவதும் கொடுத்துவிடுங்கள்.